எத்தனால் கலந்த பெட்ரோலும் தீவுகளின் மோட்டார் சைக்கிள்களும்

அந்தமான் நிகோபார்த் தீவுகளில் பணி புரிவோருக்கு மோட்டார் சைக்கிள் வெறும் சௌகரியப் பொருள் அன்று. தடுப்பூசிப் பெட்டியைச் சுமந்து செல்லும் சுகாதார ஊழியரும், தென்னந்தோப்புகளைப் பார்வையிடச் செல்லும் விவசாய உதவியாளரும், பேருந்து எட்டாத குடியிருப்பிலுள்ள பள்ளிக்குச் செல்லும் ஆசிரியரும் அதனை நம்பியே தங்கள் நாளைத் தொடங்குகின்றனர். 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேயரிலிருந்து வடக்கே திக்லிப்பூர் வரை செல்லும் நெடுஞ்சாலை ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் ஒரு பகுதி ஜாரவா மக்களின் காப்பகத்தின் ஊடே செல்கிறது. அங்கு வண்டிகள் காவலுடன் வரிசையாகவே அனுப்பப்படுகின்றன, வழியில் நிற்பதற்கு அனுமதி இல்லை. அத்தகைய சாலையில் இயந்திரம் நின்றுபோவது சிறு தொல்லையாக முடிவதில்லை.

ஆதலின், பெட்ரோலில் எத்தனால் கலக்கும் வழக்கம் பாரத நாடெங்கும் பரவியுள்ள இக்காலத்தில், “என் வண்டிக்கு இது ஒத்துக்கொள்ளுமா?” என்று தீவுவாசிகள் கேட்பது நியாயமே. இக்கேள்விக்கு விடை காணும் முறையை இங்கே விளக்குவோம். தொடக்கத்திலேயே ஒன்றைக் கூறிவிடலாம். நிலப்பரப்பில் இக்கேள்வி பெரும்பாலும் இயந்திரத்தைப் பற்றியது. தீவுகளிலோ இது முதற்கண் தண்ணீரைப் பற்றியது.

எத்தனால் என்பது சாராய வகையைச் சேர்ந்த திரவம். கரும்புச் சாறு, சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகு, மக்காச்சோளம், நொய்யரிசி ஆகியவற்றைப் புளிக்கவைத்து வடித்து இதனைப் பெறுகின்றனர். சாதாரண வடித்தலால் எத்தனாலின் தூய்மையை ஏறத்தாழ 95.6 சதவீத எடைக்குமேல் உயர்த்த இயலாது; அந்நிலையில் எத்தனாலும் நீரும் ஒன்றாகவே ஆவியாகின்றன. எஞ்சிய நீரை அகற்ற மிக நுண்ணிய துளைகளையுடைய ஒருவகைக் கனிமக் குருணைகளின் வழியே ஆவியைச் செலுத்துகின்றனர். நீரின் மூலக்கூறு சிறியதாதலின் துளைக்குள் புகுந்து தங்கிவிடும். எத்தனாலின் மூலக்கூறு பெரியதாதலின் புக முடியாமல் வெளியேறிவிடும். ஏறக்குறைய நீரே இல்லாத இந்த எத்தனாலைத்தான் பெட்ரோலுடன் கலக்கின்றனர். இவ்வளவு சிரமப்பட்டு நீக்கிய நீரை, நாம் நம் கவனக்குறைவால் வண்டியின் தொட்டியில் மீண்டும் சேர்த்துவிடுகிறோம் என்பது நினைவிருக்கட்டும்.

இக்கலவை புதுமையானது என்று எண்ண வேண்டியதில்லை. நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டிலேயே, அதாவது 1948-இல், எரிசாராயத் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அது 2000-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. பிரேஸில் நாடு 1975-இல் பெருமளவில் இம்முறையை மேற்கொண்டது. நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டு ஒன்பது மாநிலங்களிலும் நான்கு மத்திய ஆட்சிப் பகுதிகளிலும் 5 சதவீதக் கலவை விற்பனைக்கு வந்தது. 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் திட்டம் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டபொழுது, அந்தமான் நிகோபார்த் தீவுகளும் இலட்சத்தீவுகளும் மட்டும் விலக்கி வைக்கப்பட்டன. நிலப்பரப்பில் கலவையின் அளவு 2022-ஆம் ஆண்டு ஜூனில் 10 சதவீதத்தை எட்டிற்று. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலவையின் விற்பனை தொடங்கிற்று. 2025-இல் நாடளாவிய அளவு 20 சதவீதத்தை அடைந்தது. இவற்றை முறையே இ-10, இ-20 என்று குறிப்பது வழக்கம். எத்தனால் கலவாத பெட்ரோலை இ-0 எனலாம்.

தீவுகளுக்கு அளித்த விலக்கின் பொருத்தம் எளிதில் விளங்கக்கூடியதே. சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடலைக் கடந்து எரிபொருள் வரவேண்டும். கப்பலின் தொட்டிகளிலும் கரையிலுள்ள பெருந்தொட்டிகளிலும் அடியில் சிறிது நீர் தங்குவது இயல்பு. ஆண்டில் ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடம் இது; மே முதல் டிசம்பர் வரை இரு பருவக்காற்றுகளும் மாறி மாறி மழை தருகின்றன. காற்றின் ஈரம் ஆண்டு முழுவதும் மிகுதி. நிலப்பரப்பிலும், கலவையை நெடுந்தொலைவு குழாயிலோ கப்பலிலோ அனுப்பாமல், விற்பனைக்கு அண்மையிலுள்ள கிடங்கில் கலப்பதே பொதுவான முறை.

அவ்வாறாயின் தீவுவாசிகள் இதனைக் கற்பது எதற்கு என்று கேட்கலாம். வண்டிகளும் மனிதரும் விலக்கு ஆணையைப் போல ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதே விடை. மாற்றலாகி வரும் ஊழியர் தம் வண்டியைக் கப்பலில் கொண்டுவருகிறார். பணி முடிந்து செல்பவர் கொண்டுசெல்கிறார். தந்தை இருபது ஆண்டுகள் தீவில் ஓட்டிய பழைய வண்டி, மகன் சென்னையிலோ மதுரையிலோ கல்லூரியிற் சேர்ந்ததும் அவனோடு கடல் கடந்து செல்கிறது. இதுகாறும் கலப்பற்ற பெட்ரோலையே அருந்திப் பழகிய அவ்வண்டி, அங்கே முதல் நாளிலேயே இ-20-ஐச் சந்திக்கிறது. அன்றியும், விலக்குகள் காலத்தோடு மாறக்கூடியவை. தம் ஊர்ப் பம்பில் விற்பது எது என்பதைக் கேட்டறிவதோடு நில்லாமல் சோதித்தும் அறியலாம். அம்முறை பின்னர்க் கூறப்படும்.

தண்ணீரின் கதை

கலப்பற்ற பெட்ரோலும் நீரும் ஒன்றோடொன்று சேரா. தொட்டிக்குள் நீர் புகுந்தால் அது கனமானதாதலின் அடியில் தங்கும். மேலே நிற்கும் பெட்ரோலுக்குக் கேடு நேர்வதில்லை. அடியிலுள்ள நீரை வடித்துவிட்டால் வண்டி பழையபடி ஓடும். தீவுகளில் இதனை அறியாத ஓட்டுநர் இல்லை.

எத்தனால் கலந்தபொழுது நிலைமை வேறாகிறது. எத்தனால் இரு தரப்பிலும் உறவுடையது; அது பெட்ரோலோடும் சேரும், நீரோடும் சேரும். ஆதலின் சிறிதளவு நீர் புகுந்தால் எத்தனால் அதனைத் தன்னுள் கரைத்துக்கொண்டு பெட்ரோலிலேயே வைத்திருக்கிறது. அந்நீர் எரிபொருளோடு இயந்திரத்துள் சென்று ஆவியாகி வெளியேறிவிடும். இதுவரை நன்மையே. ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. இ-10 கலவை சுமார் 15 பாகை செண்டிகிரேடு உஷ்ணத்தில் தன் கனபரிமாணத்தில் ஏறத்தாழ 0.5 சதவீத நீரையே தாங்கும். 10 லிட்டர் தொட்டிக்கு இது 50 மில்லிலிட்டர், அதாவது ஒரு தேநீர்க் குவளையிற் பாதி. இ-20 கலவை இதைவிடச் சற்று மிகுதியாகத் தாங்கும். உஷ்ணம் மிகுந்தால் எல்லை சிறிது உயரும், குளிர்ந்தால் தாழும். தீவுகளில் இரவு பகல் வெப்ப வேறுபாடு குறைவாதலின், வட இந்தியக் குளிர்காலத்தில் நேரும் இடர் இங்கே இல்லை என்பது ஓர் ஆறுதல்.

எல்லை கடந்தால் நிகழ்வது படிப்படியான கெடுதல் அன்று. எல்லாம் ஒருசேர நிகழ்கிறது. கலவை முதலில் பால்போலக் கலங்குகிறது. பிறகு எத்தனாலின் பெரும்பகுதி பெட்ரோலைக் கைவிட்டு நீரோடு சேர்ந்து, கனத்த தனிப்படலமாக அடியில் இறங்கிவிடுகிறது. 10 லிட்டர் இ-10-இல் ஒரு லிட்டர் எத்தனால் இருத்தலால், புகுந்த நீர் அரைக் குவளையேயானாலும் அடியில் சேரும் திரவம் அதனைப்போலப் பன்மடங்காகும். பெட்ரோல் குழாய் தொட்டியின் அடியிலிருந்து இழுப்பதால் இயந்திரத்துக்கு முதலிற் செல்வது இத்திரவமே. வண்டி உதறி நின்றுபோகும். பிறகு எவ்வளவு உதைத்தாலும் கிளம்பாது. மேலே எஞ்சிய பெட்ரோலும் பழைய தரத்தில் இராது. எத்தனால் தந்த ஆக்டேன் வலிமையை அது இழந்துவிட்டதால் இயந்திரத்தில் தட்டும் ஒலி எழலாம். ஆகவே அடிப்படலத்தை மட்டும் வடித்துவிட்டு மேலுள்ளதைப் பயன்படுத்தும் பழைய பழக்கம் இங்கே செல்லாது. தொட்டி முழுவதையும் காலிசெய்து உலர்த்துதல் வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு மிகைக் கூற்றையும் மறுக்க வேண்டியுள்ளது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி ஒரே வாரத்தில் தொட்டியை நீராக்கிவிடும் என்று சிலர் அச்சுறுத்துகின்றனர். உண்மை அவ்வாறன்று. மூடிய தொட்டியின் சிறு காற்றுத்துளை வழியே ஈரம் உட்புகுவது மிக மெதுவாகவே நிகழும். நாள்தோறும் ஓடி வாரந்தோறும் நிரப்பப்படும் வண்டியில் அது கருதத்தக்கதன்று. இடர் விளைப்பவை வேறு: கிழிந்த மூடி வளையத்தின் வழியே இறங்கும் மழைநீர், மழையில் நின்றபடி பெட்ரோல் நிரப்புதல், நீர் தங்கிய தகர டிரம், பாதி நிரம்பிய தொட்டியுடன் மாதக்கணக்கில் நிற்கும் வண்டி. விடுமுறைக்கு நிலப்பரப்புக்குச் செல்லும் ஆசிரியர் இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்து, வண்டி கிளம்பவில்லையென்று பட்டறைக்காரரை நொந்துகொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் இக்கடைசி வகையே.

கடற்காற்றில் மிதக்கும் உப்பு இன்னொரு தீமை செய்கிறது. உப்பு பெட்ரோலிற் கரையாது. எத்தனாலும் நீரும் சேர்ந்த படலத்தில் கரையும். உப்புக் கரைந்த அத்திரவம் மின்சாரத்தைக் கடத்துவதால், ஒன்றையொன்று தொட்டு நிற்கும் வெவ்வேறு உலோகங்கள், காட்டாகப் பித்தளை ஜெட்டும் துத்தநாகக் கலப்புக் கார்புரேட்டர் உடலும், சிறு மின்கலம்போல் இயங்கி ஒன்று அரிக்கப்படுகிறது. கார்புரேட்டரின் கிண்ணத்தில் வெண்ணிறப் பொடியோ பச்சை நிறக் கறையோ காணப்படின் இதுவே காரணமாகலாம்.

உறுப்புகளின் பொருத்தம்

எத்தனால் சில பொருள்களை ஊதச்செய்யும், சிலவற்றை இளக்கும், சிலவற்றை அரிக்கும். இயற்கை ரப்பர், தக்கையாலான அடைப்பு வளையங்கள், சிலவகை நைட்ரைல் ரப்பர், பாலியூரிதேன், தொட்டியின் உட்புறம் பூசிய பழைய பூச்சுகள் ஆகியவை ஐயத்துக்குரியவை. ஈயம் பூசிய எஃகு, துத்தநாகம், பித்தளை ஆகிய உலோகங்கள் நாளடைவில் பாதிக்கப்படலாம். துருப்பிடிக்கா எஃகும், நைலானும், புளோரின் சேர்ந்த செயற்கை ரப்பரும் நன்கு தாங்குபவை.

கலவையை முதன்முறை நிரப்பிய சில நாள்களில் நேரும் ஒரு தொல்லையைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். எத்தனால் நல்ல கரைப்பான். பல ஆண்டுகளாகத் தொட்டியின் சுவரில் ஒட்டியிருந்த பிசினையும் அழுக்கையும் அது இளக்கிவிடுகிறது. அவை வந்து வடிகட்டியையும் ஜெட்டையும் அடைத்துக்கொள்கின்றன. வண்டி கெட்டுவிட்டதென்று எண்ணற்க. தொட்டியைக் கழுவி, புது வடிகட்டி பொருத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். முன்கூட்டியே கழுவிவிட்டால் இத்தொல்லையே இராது.

வண்டியின் வயது கொண்டு முதல் மதிப்பீடு செய்யலாம். 2023-ஆம் ஆண்டு ஏப்ரலுக்குப் பின் தயாரித்த வண்டிகளின் உறுப்புகள் இ-20-ஐத் தாங்கும் வண்ணம் அமையவேண்டும் என்பதும், 2025 ஏப்ரல் முதல் இயந்திரமே அதற்கேற்ப அமைக்கப்படவேண்டும் என்பதும் நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட திட்டவரைவின் கால அட்டவணை. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளையொட்டி, பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் நீங்கி மின்னணுத் தெளிப்பு முறை இடம்பெற்றது. அதற்கு முற்பட்டவை பெரும்பாலும் கார்புரேட்டர் வண்டிகள். 1990-களையும் அதற்கு முந்தைய காலத்தையும் சேர்ந்த எஸ்டி, ராஜ்தூத், யமஹா ஆர்.எக்ஸ். 100 முதலிய இரு வீச்சு வண்டிகள் இன்றும் சிலரிடம் உள்ளன. இவற்றில் பெட்ரோலோடு எண்ணெய் கலந்தே இயந்திரத்துக்கு மசகு கிடைக்கிறது. கலவை பிரிந்து எத்தனாலும் நீரும் சேர்ந்த அடிப்படலம் உட்சென்றால் அதனோடு போதிய எண்ணெய் செல்லாது. பிஸ்டன் உராய்ந்து பிடித்துக்கொள்ளும் அபாயம் உண்டு. ஆதலின் தண்ணீர் விஷயத்தில் இரு வீச்சு வண்டிக்காரரே மற்றெவரினும் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

காற்றும் எரிபொருளும்

எத்தனாலின் மூலக்கூற்றிலேயே பிராணவாயு அடங்கியுள்ளது. அதனால் அது எரிவதற்கு வெளியிலிருந்து வேண்டும் காற்று குறைவு. ஒரு கிலோகிராம் பெட்ரோல் முற்றிலும் எரிய ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று தேவை. எத்தனாலுக்கு 9 கிலோகிராம் போதும். இ-20-க்கு இது சுமார் 13.5 ஆகிறது. கார்புரேட்டருக்கு இவ்வேறுபாடு தெரியாது. பெட்ரோலுக்கென அமைத்த அளவிலேயே அது திரவத்தை விடுகிறது. விளைவாகக் காற்று ஏறக்குறைய 8 சதவீதம் மிகுந்துவிடுகிறது. காலையில் கிளம்ப மறுத்தல், முறுக்கும்பொழுது தயங்குதல், கார்புரேட்டர் வழியே தும்முதல், தீப்பொறிச் செருகியின் முனை வெளுத்துப்போதல் ஆகியன இதன் அறிகுறிகள். மெயின் ஜெட்டை ஓரிரு படி பெரிதாக்கி, காற்றுத் திருகைச் சரிசெய்தால் குறை நீங்கும். தொடக்கத்திலேயே மிகுபெட்ரோல் அளவில் அமைந்திருந்த பழைய வண்டிகள் சிலவற்றில் இதுவும் தேவைப்படுவதில்லை. தெளிப்பு முறை வண்டிகளில், புகைக் குழாயிலுள்ள பிராணவாயு உணர்வுக் கருவி மிச்சமாகும் காற்றை அளந்து எரிபொருளைத் தானே கூட்டிக்கொள்ளும். ஆனால் அது திருத்தக்கூடிய அளவுக்கும் ஓர் எல்லை உண்டு.

மைலேஜ் குறையுமா என்பது எல்லோரும் கேட்கும் வினா. குறையும், ஆனால் சொல்லப்படும் அளவுக்கு இல்லை. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள வெப்ப ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. ஆகவே கணக்கின்படி இ-20-இன் ஆற்றல் 6 அல்லது 7 சதவீதம் குறைவு. இரு சக்கர வண்டிகளில், இ-0-க்கென வடிவமைத்து இ-10-க்குச் சரிசெய்தவற்றில், 3 முதல் 4 சதவீத இழப்பே நேரும் என்பது மேற்சொன்ன நிதி ஆயோக் அறிக்கையின் மதிப்பீடு. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடிய வண்டி 48 ஓடும் எனக் கொள்ளலாம். காற்றழுத்தம் குறைந்த டயரோடு ஓட்டுபவர் இதனை உணரக்கூட மாட்டார். அதே அறிக்கை, இ-20-ஆல் இரு சக்கர வண்டிகளின் கார்பன் மோனாக்ஸைடு நச்சுவாயு பாதியளவு குறையும் என்றும் கூறுகிறது. ஆக்டேன் மதிப்பும் உயர்கிறது. நன்மைகளை மறைத்து இழப்பை மட்டும் பேசுவது முறையன்று. அவ்வாறே, பழைய வண்டிக்காரருக்கு உள்ள உண்மையான செலவை மறைப்பதும் முறையன்று. குழாய், வளையங்கள், வடிகட்டி இவற்றை மாற்றும் செலவு அவர் கையிலிருந்தே போகிறது.

வண்டியைச் சோதிக்கும் வகை

முதலிற் பார்க்க வேண்டியது வண்டியோடு வந்த கையேடும், தொட்டி மூடியின் அருகிலுள்ள ஒட்டுத்தாளும். எத்தனால் கலவையில் எவ்வளவு வரை வண்டி ஏற்கும் என்பதைத் தயாரிப்பாளர் தெளிவாகக் காட்டவேண்டும் என 2021-இல் விதி செய்யப்பட்டது. “இ-20” என்று குறித்திருந்தால் அது மேல் எல்லையைக் குறிப்பது. அவ்வண்டியில் இ-0, இ-10 ஆகியவற்றையும் ஊற்றலாம். ஆதலின் நிலப்பரப்பிலிருந்து புதிய வண்டியைத் தீவுக்குக் கொண்டுவருவோர் கவலற்க. மறுதிசையில் செல்லும் பழைய வண்டிதான் சோதனைக்குரியது.

அதற்குத் தொட்டி மூடியைக் கழற்றி அதன் வளையத்தை விரலால் அழுத்திப் பார்க்க. பிளவோ பிசுபிசுப்போ இருப்பின் உடனே மாற்றுக. கைவிளக்கின் ஒளியைத் தொட்டியுள் செலுத்தித் துரு உண்டா எனக் காண்க; தீக்குச்சியோ மெழுகுவத்தியோ கொண்டு பார்ப்போர் இன்றும் உளர் என்பதால் இதனைச் சொல்ல நேர்கிறது. பெட்ரோல் குழாய் இரு முனைகளிலும் ஊதியோ வெடித்தோ இருக்கிறதா, வளைத்தால் கீறல் தெரிகிறதா என்று நோக்குக. கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றி, மிதவை, ஊசியின் ரப்பர் முனை, வளையங்கள் ஆகியவற்றைப் பரிசோதிக்க. ரப்பர் உறுப்புகள் அனைத்தும் விலை குறைந்தவை. கப்பல் ஏறுமுன் அவற்றை இ-20-க்கு ஏற்றவற்றால் மாற்றிவிடுவது, சென்னையின் சாலையில் பெட்ரோல் கசிந்து தீப்பற்றும் அபாயத்தைத் தவிர்க்கும். முதன்முறை கலவை நிரப்பிய பின் முதல் மாதத்தில் வாரம் ஒருமுறை குழாய்களையும் இணைப்புகளையும் தடவிப் பார்த்து ஈரம் உண்டா என்று அறிதல் நலம்.

ஆசிரியர்களுக்குரிய இரு பரிசோதனைகள்

இவற்றை ஆசிரியரே செய்துகாட்ட வேண்டும். மாணவர் கையில் பெட்ரோலைக் கொடுத்தலாகாது. திறந்த வெளியில், நிழலில், தீயும் கைப்பேசியும் அருகில் இன்றிச் செய்க. 100 மில்லிலிட்டருக்கு மேல் பெட்ரோல் வேண்டியதில்லை.

பெட்ரோலில் எத்தனால் உண்டா என்பதை அறிய, மூடியுடன் கூடிய 100 மில்லிலிட்டர் கண்ணாடி அளவு ஜாடியில் முதலில் 40 கோடு வரை நீரை ஊற்றுக. நீரில் ஒரு சொட்டு நீல மை இடுக. அதன்மேல் 80 கோடு வரை பெட்ரோலை ஊற்றி, மூடி, மெல்லப் பலமுறை கவிழ்த்து நிமிர்த்துக. இடையிடையே மூடியைத் தளர்த்தி ஆவியை வெளியேற விடுக. பத்து நிமிடம் அசையாமல் வைத்தால் நீல நிற நீர் அடியில் தெளிந்து நிற்கும். பிரிகோடு 40-இலேயே இருந்தால் எத்தனால் இல்லை. 44-ஐ ஒட்டி உயர்ந்திருந்தால் ஏறத்தாழ இ-10. 48-ஐ ஒட்டினால் இ-20. எத்தனாலும் நீரும் சேரும்பொழுது மொத்தக் கனபரிமாணம் சற்றுச் சுருங்குமாதலின் கோடு ஓரளவு தாழ்ந்தே காணப்படும். அதுவும் மாணவர்க்கு ஒரு பாடமாகும். எத்தனால் பெட்ரோலை விட்டு நீரிடம் ஓடிவிடுகிறது என்பதைக் கண்ணாலேயே கண்டபின், தொட்டியில் நேர்வதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது பரிசோதனை, எல்லையைக் காட்டுவது. எத்தனால் உள்ளதென மேற்கண்டவாறு தெரிந்த பெட்ரோலில் 50 மில்லிலிட்டரை உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் எடுத்து, மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசியற்ற பீச்சுக்குழலால் 0.1 மில்லிலிட்டர் அளவாக நீரைச் சேர்த்துச் சேர்த்துக் குலுக்குக. முதலில் நீர் காணாமற் போகும். ஒரு கட்டத்தில் திரவம் திடீரெனக் கலங்கும். அதுவரை சேர்த்த நீரின் அளவைக் குறித்து, தம் வண்டியின் தொட்டி எவ்வளவு நீரைத் தாங்கும் என்பதை விகிதக் கணக்கால் மாணவர் கண்டறியலாம். பின்பு இதே சோதனையைக் கலப்பற்ற பெட்ரோலில் செய்தால் முதல் சொட்டே அடியில் உருண்டு நிற்பதைக் காணலாம். தீவுகளில் கலவை கிடைக்காத இடத்தில், ஆய்வுக்கூடத்திலுள்ள நீரற்ற எத்தனாலைப் பெட்ரோலோடு ஐந்தில் ஒரு பங்காகக் கலந்து கொள்க. சாதாரண ஸ்பிரிட்டில் முன்பே நீர் இருப்பதால் அது உதவாது.

சேமித்தல் பற்றி

வெளித்தீவுகளுக்குச் செல்லும் ஊழியர் பெட்ரோலை டிரம்மிலோ தகரத்திலோ வைத்திருக்க நேரிடின், அதற்குரிய அனுமதியைப் பெற்று, உட்புறம் முற்றிலும் உலர்ந்த கலத்தில், ஏறக்குறைய நிரம்ப வைத்து, இறுக மூடி, கூரையின் கீழ் வைக்க. டிரம்மை நேராக நிறுத்தினால் மேல்தட்டில் மழைநீர் தேங்கி, குளிரும்பொழுது மூடியின் இடுக்கு வழியே உள்ளே இழுக்கப்படும். ஆகவே சற்றுச் சாய்த்து, மூடி நீரில் மூழ்காதபடி வைத்தல் வேண்டும். கலவையாயின் ஒரு மாதத்துக்கு மேற்பட வைக்காதிருப்பது நன்று. கடலில் செல்லும் சிறு படகுகளின் வெளிப்பொருத்து இயந்திரங்களுக்கு இவ்வெச்சரிக்கை இருமடங்கு பொருந்தும். அவற்றின் தொட்டிகள் காற்றுத்துளையுடன் கடற்காற்றிலும் நீர்த்திவலையிலும் நாள் முழுதும் கிடப்பவை. மேலும், கடல் நடுவே நின்ற படகைச் சாலையோரம் தள்ள முடியாது. படகுக்காரர் ஒவ்வொரு புறப்பாட்டுக்கு முன்பும் தொட்டியின் அடியிலிருந்து சிறிது திரவத்தைக் கண்ணாடிப் புட்டியில் வடித்து, கலங்கலோ இரு படலமோ உண்டா என ஒளிக்கெதிரே பிடித்துப் பார்க்கலாம். இதற்கு ஒரு நிமிடமே ஆகும்.

வண்டியை இரு மாதங்களுக்கு மேல் நிறுத்திவிட்டுச் செல்வோர், கலவை பயன்படுத்தும் இடமாயின், தொட்டியையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் காலிசெய்து உலர்த்திச் செல்வது மேல். உலர்ந்த எஃகுத் தொட்டி ஈரக் காற்றில் துருப்பிடிக்குமாதலின் உட்புறம் சிறிது இயந்திர எண்ணெயைச் சுழற்றிவிடுக. திரும்பி வந்ததும் புதிய பெட்ரோலில் அலசி எடுத்தபின் நிரப்பலாம்.

பரிசோதனையில் மீந்த பெட்ரோலையும், தொட்டியிலிருந்து வடித்த கெட்ட கலவையையும் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றற்க. தீவுகளில் சாக்கடை நீர் சென்று சேருமிடம் சதுப்புக் காடும் பவளப் பாறையும் உள்ள கரைக்கடல். மூடிய உலோகக் கலத்தில் சேர்த்து, “நீர் கலந்த பெட்ரோல்” என்று எழுதி ஒட்டி, பழுது பார்க்கும் பட்டறையினரிடமோ பம்ப் நிலையத்தாரிடமோ கேட்டு, அவர்கள் கழிவெண்ணெயை அகற்றும் வழியிலேயே அகற்றச் செய்க. நீல மை கலந்த நீரிலும் எத்தனாலும் பெட்ரோலும் கரைந்திருப்பதால் அதனையும் இதே கலத்திற் சேர்க்க வேண்டும்.